கடைசி வரிக்குப் பின்னர்

ஹெவ்லொக் வீதி வழியே மாலை வேளையில் தும்முல்லைச் சந்திப் பக்கம் நடப்போர், கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பும் இளைஞரை நாள்தோறும் காண்பர். அவர்களிடையே தலை நரைத்தவர் சிலரும் உளர். பார்ப்பவர் அவர்களை விரிவுரையாளரெனக் கருதுவர். ஆனால், அவர்களுட் சிலர் மாணவரே. கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்பவர்கள்.

நமது ஒழுங்கையிலும் அத்தகைய ஒருவர் வாழ்கிறார். பகலிற் பாடசாலையிற் கற்பித்து, இரவில் ஆய்வேடு எழுதிய ஆசிரியை அவர். கடைசி வரியை எழுதி முடித்த அன்று அவருடைய தாயார் கேசரி கிண்டி அயலாருக்கெல்லாம் பகிர்ந்தார். "மகள் கலாநிதியாகிவிட்டாள்" என்று நம்மிடமும் மகிழ்ந்து கூறினார். மகளோ தலையை அசைத்தார். "எழுதி முடிஞ்சுதெல்லே பிள்ளை, இனி என்ன இருக்கு?" என்று தாயார் கேட்டார். "இன்னும் கனக்க இருக்கு, அம்மா" என்பதே மறுமொழி.

அந்தக் "கனக்க" என்பது யாது? பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்தினர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் உள்ள 12 படிநிலைகளுள் கலாநிதிப் பட்டமே உச்சியில் நிற்பது. அதற்கு விரும்புபவர் முதலில் ஆய்வுத் திட்டமொன்றை எழுதி, மேற்பார்வையாளரைத் தேடிக்கொண்டு பதிவு செய்தல் வேண்டும். பலர் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கே முதலிற் பதிவு பெறுவர். ஆய்வு வளர்ந்த பின் கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்தப்படுவர். இடையிடையே முன்னேற்ற அறிக்கை கொடுத்தலும், கட்டணம் செலுத்திப் பதிவைப் புதுப்பித்தலும் கட்டாயமாகும். பதிவு காலாவதியாகுமாயின் எழுதிய ஏடு பெட்டியிலேயே உறங்க நேரிடும்.

ஏடு நிறைவுற்றதும் அதனை ஒப்படைத்தல் அடுத்த படி. பல்கலைக்கழகம் பரீட்சகர்களை நியமித்து அவர்களுக்குப் பிரதிகளை அனுப்பும். அவர்களுள் வெளியாரும் இருப்பர். அவர்களின் அறிக்கைகள் வந்து சேர்ந்த பின்னரே வாய்மொழிப் பரீட்சை. அங்கே திருத்தமின்றித் தேறுவோர் மிகச் சிலர். திருத்தங்களோடு தேறுவோரே பலர். திருத்திய ஏட்டை ஒப்புக்கொண்டு சான்று கிடைத்ததும், கட்டிய பிரதிகள் நூலகத்துக்குப் போகும். ஈற்றில் மூதவை அங்கீகரித்தல் வேண்டும். அதற்கு முன்னர் ஒருவர் தம் பெயரின்முன் "கலாநிதி" என்று எழுதுதல் முறையன்று. பட்டமளிப்பு விழா அதற்கும் பிந்தியது.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் விதிகள், ஏட்டை வெளிப் பரீட்சகர் இருவராவது மதிப்பிட வேண்டுமென்கின்றன. நெதர்லாந்திலோ, சபையோர் முன்னிலையில் வினாவிடை நடக்கும். குறித்த நேரம் முடிந்ததும் பல்கலைக்கழகச் சேவகர் கோலேந்தி உள்ளே வந்து, "நேரமாயிற்று" என்று இலத்தீனிற் கூறுவார். அதற்குமேல் ஒரு வினாவும் எழாது!

நம் முன்னோரும் இவ்வாசல்களைத் தாண்டியவர்களே. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றுமுன் இத்தகைய பட்டத்துக்குக் கடல் கடத்தல் வேண்டியிருந்தது; பேராசிரியர் கணபதிப்பிள்ளை இலண்டனுக்குச் சென்று கற்றார். பின்னர் கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆராய்ந்தார். அவருடைய ஏடு 1968இல் ஒக்ஸ்போட்டில் நூலாயிற்று. அதே பேர்மிங்ஹாமில் 1970இல் கலாநிதிப் பட்டம் பெற்ற சிவத்தம்பியின் ஏடோ 1981இலேதான் நூலுருவம் பெற்றது. கடைசி வரிக்குப் பின்னரும் காத்திருத்தல் அறிஞர்க்கும் உரியதே.

இத்தனை வாசல்கள் எதற்கு எனச் சிலர் சலித்துக்கொள்வர். தம் மகவின் அழகைத் தாமே மதிப்பிடத் தகுந்தவர் எவருமிலர். பிறன் ஒருவன் குறை காண முயன்று, காணாது விட்ட பின்னரே அறிவு ஊருக்குப் பொதுவாகிறது. ஆயினும், அலுவலகங்களின் தாமதத்தால் மாணவர் மனம் தளர்தல் வேறு செய்தி. அதற்கு நாம் சமாதானம் கூறவில்லை.

நமது ஆசிரியைக்கும் அத்தகைய சோதனை ஒன்று வந்தது. ஏட்டை ஒப்படைக்கச் சென்றபோது, முன்னொரு ஆண்டில் அவர் செலுத்திய புதுப்பித்தற் கட்டணத்துக்குப் பதிவில்லை என்றார்கள். பற்றுச்சீட்டைக் காட்டினாலன்றி ஏட்டை ஏற்க இயலாதாம். கெடு முடிய இரண்டு நாள்களே இருந்தன. மகள் வீடு முழுவதும் தேடிக் களைத்து, தலையிற் கைவைத்து அமர்ந்துவிட்டார். தாயார் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று தமது றங்குப் பெட்டியைத் திறந்தார். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் காணி உறுதிக்கும் நடுவே, மகள் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஆண்டு வரிசையாக நூலாற் கட்டப்பட்டிருந்தன!

ஆராயப் புகும் மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பதிவு முடியும் நாளை முதல் நாளிலேயே குறித்து வையுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் பற்றுச்சீட்டுக்கும் பிரதி வைத்திருங்கள். அனைத்துக்கும் மேலாக, எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்பதை வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

மூதவை அங்கீகரித்த கடிதம் சென்ற வாரம் நமது ஒழுங்கைக்கு வந்தது. இம்முறை தாயார் கேசரி கிண்ட அவசரப்படவில்லை. "இனி ஒண்டும் இல்லைத்தானே, பிள்ளை?" என்று இருமுறை கேட்டு உறுதி செய்த பின்னரே அடுப்பை மூட்டினார். கடிதமோ அன்றே றங்குப் பெட்டிக்குட் போய்விட்டது.