பழைய வாகனங்களுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசலாமா? கவனிக்க வேண்டியவை என்ன?

புது தில்லி: வீட்டில் பாதுகாத்து வரும் பழைய அம்பாசடர், ஃபியட் கார்களையும் லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களையும் உரிமையாளர்கள் தாங்களே புதுப்பிப்பதுண்டு. அவ்வாறு வண்ணம் பூசும்போதும் மெருகேற்றும்போதும் வாகனத்தின் மதிப்பையும் வீட்டில் உள்ளோரின் உடல்நலத்தையும் கருத்தில் கொள்வது அவசியம்.

விதிகள் கூறுவது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழங்கால வாகனங்களாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவை பெரிதும் மாற்றப்படாமல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். வாகனத்தின் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுவதால், நிறத்தை மாற்ற விரும்புவோர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுக வேண்டும்.

மெருகேற்றினாலே போதுமா?

மங்கிய பூச்சு அனைத்தையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அக்கால வாகனங்கள் பெரும்பாலானவற்றில் நிறப்பூச்சின் மேல் தனியாக ஒளிபுகு பூச்சு கிடையாது. சிறிதளவு பாலிஷை மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்கையில் துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டினால், அது ஒற்றைப் பூச்சு என அறியலாம். வெயிலில் மங்கிய மேற்பரப்பை ரப்பிங் காம்பவுண்டு கொண்டு தேய்த்து, பின்னர் மெழுகு பூசினால் பளபளப்பு பெருமளவு திரும்பிவிடும். ஆனால், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பூச்சு சிறிது தேய்வதால், விளிம்புகளில் அழுத்தித் தேய்க்கக் கூடாது.

மறுபூச்சு தேவைப்பட்டால்?

துரு பிடித்த இடங்களில் மறுபூச்சு தவிர்க்க முடியாதது. துருவை முழுமையாக நீக்கி, தகடு ஈரம் பிடிக்கும் முன்பே ப்ரைமர் பூச வேண்டும். பள்ளங்களில் பட்டியை மெல்லிய அடுக்குகளாக இட்டு, 80 எண் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக 400 வரை தேய்ப்பதும், நிறம் பூசுமுன் 600 அல்லது 800 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்ப்பதும் வழக்கம். பழைய பூச்சின் மேல் வீரியமிக்க தின்னர் கலந்த வண்ணம் பட்டால் அது சுருங்கி எழும்பக்கூடும் என்பதால், சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மழைக்கால ஈரப்பதத்தில் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தில் வெண்படலம் தோன்றும். ஆகவே வறண்ட நாளே ஏற்றது.

உடல்நல ஆபத்து

பழைய பூச்சுகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருக்க வாய்ப்புண்டு. உடலில் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. எனவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பாமல் நீர் விட்டுத் தேய்த்து, கழிவைத் துடைத்து அகற்ற வேண்டும். பணி நடக்கும் இடத்தில் குழந்தைகளை அனுமதிக்கக் கூடாது.

கடினமாக்கி கலந்து தெளிக்கப்படும் பாலியூரித்தேன் வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரண முகக்கவசம் இதைத் தடுக்காது. தேய்ப்பது, பட்டி இடுவது, மெருகேற்றுவது ஆகியவற்றை வீட்டில் செய்துகொண்டு, இவ்வகை வண்ணத் தெளிப்பை மட்டும் காற்றோட்ட வசதியும் தூய காற்று செலுத்தும் கவசமும் உள்ள பணிமனையிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பான வழியாகும்.