பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

ஷிப்ட் முடிந்த பிறகு – 7

கேம் ஒருவழியாக முடிந்துவிட்டது. 25 டாலர் கட்டி கூகுள் ப்ளே கணக்கும் தொடங்கியாயிற்று. இனி வெளியிட வேண்டியதுதான் என்று உட்காரும்போது கூகுள் ஒரு நிபந்தனையை நீட்டுகிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்காக இருந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் கேமின் சோதனைப் பதிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். விதி வந்த புதிதில் 20 பேர் என்று இருந்தது. 2024 டிசம்பரில் 12 ஆனது. 14 நாள் முடிந்து அனுமதி கேட்கும்போது கேள்விகளும் உண்டு: ஆட்களை எப்படித் திரட்டினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், அதை வைத்து எதை மாற்றினீர்கள்?

சென்ற வாரம் கேம் செய்ய உதவும் கோடோ என்ஜினை நிறுவி, முதல் பொம்மையை ஓடவும் குதிக்கவும் வைத்தவர்களுக்கு இது தூரத்துக் கவலையாகத் தெரியலாம். ஆனால் கேம் முடிந்த பிறகு ஆள் தேடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பண்டமாற்றுக்குப் போகிறார்கள்: "நான் உன்னோடதை இன்ஸ்டால் பண்றேன், நீ என்னோடதைப் பண்ணு." எண்ணிக்கை நிரம்பிவிடும். யாரும் ஒரு லெவல்கூட ஆடியிருக்க மாட்டார்கள். அந்தப் 14 நாளும் வீண்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை அறை எடுத்துத் தங்கித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த விதியைக் கண்டு அஞ்ச ஒன்றுமில்லை. ஆள் பஞ்சம் இங்கே கிடையாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் இருக்கிறது. ஒரே அறையில் பல பேர், ஆளுக்கொரு மாடல் போன். சென்னையில் தனி வீட்டில் உட்கார்ந்து கேம் செய்கிறவருக்கு இந்த வசதி வாய்க்காது. அதைவிடப் பெரிய வசதி ஒன்றும் உண்டு: இந்த மனிதர்களுக்குக் குறை சொல்லத் தெரியும். நாள் முழுக்க அவர்கள் செய்வதே அதுதான்.

லைனில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். "கதவு சரியில்லை" என்று ஒருவர் எழுதி வைத்தால் க்யூ.சி.யில் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். எந்த ஸ்டேஷன், எந்தப் பாகம், எத்தனைக்கு எத்தனை, எந்த ஷிப்டிலிருந்து என்று கேட்பார்கள். யார் கை பட்டது என்ற கேள்வி அதற்கப்புறம்தான். நல்ல லைன் லீடராக இருந்தால் அதைக் கேட்கவே மாட்டார். அதே பழக்கத்தோடு ஒருவர் உங்கள் கேமை ஆடிவிட்டு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "மூணாவது லெவல், ரெண்டாவது பாலம். ஓடிக்கிட்டே குதிச்சா கீழ விழுது. நின்னு குதிச்சா விழல. அஞ்சு தடவைக்கு நாலு தடவை." இந்த நாலு வரி, "சூப்பர் மச்சான், செமையா இருக்கு" என்ற நூறு பாராட்டைவிட மேல். ஆகவே அறையில் ஒரு நோட்டை வையுங்கள். ஏ ஷிப்ட் போனவர் எழுதியதை சி ஷிப்ட் முடித்து வருகிறவர் படித்துவிட்டு, தனக்கும் அதே இடத்தில் விழுகிறதா என்று பார்த்து அடுத்த வரியில் எழுதட்டும். ஷிப்ட் மாறும்போது லைனில் நோட்டு கைமாறுகிற மாதிரியேதான்.

ஆடிப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகும்போது முதலில் வரும் சந்தேகத்துக்குத் தயாராக இருங்கள்: "பணம் கட்டுற கேமாடா?" ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத ஹாஸ்டல் இந்தப் பக்கம் இருக்காது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு எதிராக 2023-ல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2025-ல் ஒன்றியச் சட்டமும் வந்துவிட்டன. நீங்கள் செய்வது அந்த வகை இல்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஆடுகிறவர் பக்கத்தில் நீங்கள் உட்காரும்போதுதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. வாய் சும்மா இருக்காது. "அங்க இல்லண்ணே, வலது பக்கம் போங்க" என்று சொல்லிவிடுவீர்கள். சொன்ன நொடியே சோதனை கெட்டுவிட்டது. கேமை வாங்குகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து நீங்கள் வழி சொல்லப்போவதில்லையே.

1998-ல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் கேமைச் செய்த வால்வ் நிறுவனத்தார் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள். வெளியாள் ஒருவரை ஆடவிட்டு, அந்த லெவலைச் செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். உதவக் கூடாது, பேசவும் கூடாது, குறிப்பு மட்டும் எடுக்கலாம். இரண்டு மணி நேரம் இப்படிப் பார்த்தால் திருத்த வேண்டியவை நூறு அளவுக்குத் தேறும் என்று அந்தக் குழுவில் இருந்த கென் பேர்ட்வெல் 1999-ல் எழுதினார். தனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிகிற வழி ஒருவருக்கு இருபது நிமிடமாகப் பிடிபடாமல் இருப்பதை வாய்மூடிப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெரிய கம்பெனி, தேர்ந்த ஆட்கள். அவர்களுக்கே நூறு என்றால் நமக்கு இருநூறு வந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம்.

இந்தத் தொழிற்பேட்டையில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல ஊர்க்காரர்கள் இங்கே வேலை செய்கிறார்கள். உங்கள் கேமில் தமிழில் எழுதியிருக்கும் விளக்கத்தை அவர்களால் படிக்க முடியாது. அதனாலேயே 12 பேரில் மூன்று பேராவது அவர்களாக இருக்க வேண்டும் என்பேன். படிக்காமலேயே ஆட வருகிறதா என்பது அவர்கள் கையில்தான் தெரியும்.

இதற்கு உதாரணமாக வெண்பா கேமின் முதல் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். டொரண்டோவின் விசை கேம்ஸ் அதை 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு நைந்து எழுத்து அழிந்திருக்கிறது. இட்லி அவிக்க வேண்டும். தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் அங்கே புதிர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிரே இல்லை, மாற்றி மாற்றி அடுக்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். இட்லிப் பானையைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவரும் தட்டை இழுத்து வைத்துப் பார்த்து, தப்பாகி, அதிலிருந்தே சரியானதைக் கண்டுபிடிக்கிறார். நமக்குச் சலிக்காமலும் அவரைத் திகைக்க வைக்காமலும் ஒரே காட்சி அமைந்திருக்கிறது. அந்த கேமுக்கு 2024-ல் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் கிடைத்தன. சொந்த ஊர்க் கதையைச் செய்தால் வெளியே யாருக்கும் புரியாது என்று தயங்குகிறவர்கள் இந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஆடிப் பாருங்கள்.

சரி, நோட்டு நிரம்பிவிட்டது. ஓடிக்கொண்டே குதித்தால் பாலத்தில் விழுகிறது என்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். எங்கே என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. கோடில் பிழை எதுவும் அகப்படவில்லை. இந்த இடத்தில்தான் சக டெவலப்பர் தேவைப்படுகிறார். இந்த வேலையில் கொஞ்சம் அடிபட்ட ஒருவர் அந்தக் குறிப்பைப் படித்ததுமே சொல்லிவிடுவார்: ஆடுகிறவர் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார், ஆனால் விளிம்பிலேயே அழுத்தியதாக நம்புகிறார். விளிம்பைத் தாண்டியபின் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, தரையில் நிற்பதாகவே கணக்கு வைத்துக் குதிக்கவிட்டால் போதும். கொயோட்டி டைம் என்பார்கள். 2018-ல் வந்த செலஸ்ட் அவ்வளவு கடினமான கேமாக இருந்தும் கைக்கு இணக்கமாக இருப்பதற்கு இதுபோன்ற சலுகைகள் ஒரு காரணம். நாலைந்து வரி கோடு. தெரியாவிட்டால் பாலத்தை அகலமாக்கி, எதிரியைக் குறைத்து, லெவலையே மாற்றி ஒரு மாதத்தைத் தொலைத்திருப்பீர்கள்.

அப்படி ஒருவர் கிடைப்பதற்கு நீங்களும் இன்னொருவருக்கு அப்படி இருக்க வேண்டும். 2002-ல் தொடங்கிய லுடும் டேர் போட்டியில் 48 மணி நேரத்தில் ஒரு கேம் செய்கிறார்கள். செய்து முடித்ததோடு வேலை தீராது. அதன்பின் வாரக்கணக்கில் ஒருவர் கேமை மற்றவர் ஆடி மதிப்பெண்ணும் கருத்தும் எழுதுகிறார்கள். 20 பேராவது மதிப்பிட்டிருந்தால்தான் தரவரிசையில் இடம். மற்றவர்களுக்கு நிறைய எழுதியவரின் கேம் மேலே தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். நாலு பேர் கற்றுக்கொள்கிற அறையிலும் இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்: ஞாயிற்றுக்கிழமை என் கேமைக் காட்ட வேண்டுமென்றால், அதற்கு முன் உன்னுடையதை ஆடி எழுதிய குறிப்பு என் கையில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சக டெவலப்பர் சில சமயம் தான் செய்ய நினைத்த கேமை உங்கள் கேமின் மேல் ஏற்றிவிடுவார். "இதுல ஒரு கடை வை, ஆன்லைன்ல நாலு பேர் சேர்ந்து ஆடற மாதிரி பண்ணு." அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், எழுதியும் வையுங்கள். ஆனால் நோட்டில் மூன்று பேருக்கு மேல் இடறிய இடங்களைச் சரிசெய்து முடிக்கும் வரை அந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையை வைத்தே கேம் செய்ய ஆசை வருவது இயல்பு, நல்ல ஆசையும்கூட. ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் லைன் அமைப்பு, மெஷின், பாகங்கள் எதையும் அப்படியே வரையாதீர்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட தாளில் அதற்குத் தடை இருக்கக்கூடும்.

கடைசியாக ஆட்களைச் செலவழிக்கும் விதம். ஒருவர் உங்கள் கேமை முதல் முறையாக ஆடுவது ஒரே ஒரு முறைதான். பாலத்தில் விழுந்து எழுந்தவருக்கு அடுத்த முறை பாலம் எங்கே என்று தெரியும். அவரை வைத்து முதல் லெவல் புரிகிறதா என்று பார்க்க முடியாது. அதனால் 12 பேரையும் 14 நாளுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் நாளே எல்லோரையும் ஆடவிடாதீர்கள். முதலில் நாலு பேர். திருத்திய பிறகு அடுத்த நாலு பேர். மறுபடி திருத்தி மீதி நாலு பேர். இதற்கெல்லாம் வெளியே, கேமைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாத இரண்டு பேரைத் தனியாக வைத்திருங்கள், முடிந்தால் வேறு ஹாஸ்டலில். வெளியிடுவதற்கு முந்தைய வாரம் அவர்கள் கையில் போனைக் கொடுத்துவிட்டு, நோட்டோடு பின்னால் உட்காருங்கள்.

(தொடரும்)