தாய்ப்பாலும் ஆனந்தமைட்டும்

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா வறையும் உள்ளி சேர்ந்த பத்தியக்கறியும் கொடுத்துப் பாலூற வைப்பது நெடுங்கேணி முதலான வன்னி ஊர்களின் வழக்கமாக இருக்க, பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் கடும்புப்பாலைப் பருக்கிவிட வேண்டும் என்பது குடும்பநல உத்தியோகத்தரின் அறிவுரையாக இருக்கிறது. இவை தாயின் பக்கத்து ஏற்பாடுகள். பாலை உறிஞ்சும் உந்துதல் சிசுவுக்கு எவ்வாறு எழுகிறது என்று தேடியவர்களோ, எதிர்பாராத வகையில், கஞ்சா ஆராய்ச்சியின் வாசலுக்கு வந்து சேர்ந்தனர்.

கஞ்சாவின் போதைப்பொருள் மூளையில் வேலை செய்வதற்குக் காரணம், அதைப் பற்றிக்கொண்டு கலத்துக்குள் சமிக்ஞை அனுப்பும் 'வாங்கிகள்' என்னும் புரதங்கள் அங்கே முன்பே அமைந்திருப்பதுதான். ஒரு செடிக்காக உடல் இவற்றை வைத்திருக்க முடியாது என்பதால், உடலே ஆக்கும் பொருளைத் தேடிய ரஃபேல் மெஷூலம் குழுவினர், 1992இல் எருசலேமில் பன்றி மூளையிலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, 'ஆனந்தம்' என்ற வடசொல்லைக் கொண்டு அதற்கு ஆனந்தமைட்டு எனப் பெயரிட்டனர். 1995இல் அறியப்பட்ட 2-அரக்கிடொனைல்கிளிசரோல் அதன் உறவுப்பொருள். இரண்டும் தாய்ப்பாலில் உள்ளன. பின்னது பன்மடங்கு மிகுதி.

எஸ்தர் ஃபிரைட் 2001இல் வெளியிட்ட சோதனை இவ்விடத்தில் முதன்மையானது. பால் குடித்த எலிக்குட்டியின் மெல்லிய தோலினூடே இரைப்பை வெண்பட்டையாகத் தெரியும். பிறந்த முதல் நாளிலேயே அந்த வாங்கிகளை மறிக்கும் மருந்து ஏற்றப்பட்ட குட்டிகளில் இந்தப் பட்டை தோன்றவில்லை; அவை முலையை உறிஞ்சாமல் மெலிந்து, பெரும்பாலும் சில நாட்களிலேயே இறந்தன. வாங்கி இயங்காவிடில் உறிஞ்சுதலும் இல்லை என்று இது காட்டினாலும், அதை இயக்குவது பாலில் வரும் பொருளா, குட்டியின் உடலே ஆக்குவதா என்று பிரித்துக் காட்டவில்லை. ஆகவே தாய்ப்பாலில் உள்ள இவ்விரு பொருள்களே மனிதச் சிசுவுக்குப் பசியைத் தூண்டுகின்றன என்று உறுதியாகச் சொல்வது அவசர முடிவாகும்.

'தாய்ப்பாலில் கஞ்சா' என்ற பேச்சு அதைவிடத் தீங்கானது. உடல் தன் பொருளைத் தேவைப்படும் கணத்தில் ஆக்கி, விரைவிலேயே நொதியங்களால் சிதைத்துவிடுகிறது. கஞ்சாவின் போதைப்பொருளோ கொழுப்பில் தங்கி, சிறிது சிறிதாகப் பாலில் கசிகிறது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தாய் கடைசியாகக் கஞ்சா பயன்படுத்தி ஆறு நாட்கள் வரையிலும் அது அவளுடைய பாலில் அளவிடப்பட்டது.