நெடுந்திரையும் கள்ளக்கடலும்

"அலை ஓய்ந்தபின் கடலாடலாமா?" என்பது தமிழ் மக்களிடை வழங்கும் முதுமொழி. இடையூறுகள் நீங்கட்டும் என்று நற்செயலைத் தள்ளிவைப்போரை நோக்கி எழுந்தது அது. ஆயினும் அதனுள்ளே கடலைப்பற்றிய ஓர் உண்மையும் அடங்கியிருக்கின்றது. அலை ஓய்ந்த கடல் என ஒன்று இல்லை. ஓய்ந்ததுபோலத் தோன்றும் கடலே உண்டு. அவ்வாறு தோன்றும் நாட்களிலேயே சிற்சில வேளை கரையோரத்து ஊர்களில் நீர் புகுதலும், நீராடச் சென்றோர் உயிரிழத்தலும் நிகழ்கின்றன. வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கையில் கடல் மட்டும் சீறுவானேன்? இந்துமாக்கடலைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

கடலலையைப் பிறப்பிப்பது பெரும்பான்மையும் காற்றே. காற்றின் வேகம், அது வீசும் காலம், தடையின்றி அது தழுவிச் செல்லும் நீர்ப்பரப்பின் நீளம் என்னும் மூன்றும் மிகுமளவிற்கு அலையும் பெருகும். அருகில் வீசும் இளங்காற்று எழுப்பும் அலைகள் ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒன்றாக வரும். ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே 40 மீட்டர் அளவே இருக்கும். காற்று நின்றால் இவை விரைவில் அடங்கும். பெரும்புயல் எழுப்பும் அலைகளோ அத்தகையன அல்ல. தம்மைப் பெற்ற புயலைப் பின்னே விட்டு, அது மாய்ந்த பின்னரும், தாமே நெடுந்தொலைவு செல்ல வல்லன. இவற்றை நாம் நெடுந்திரை என வழங்குவோம்.

இந்துமாக்கடலின் நெடுந்திரைகளுக்குத் தாயகம் அதன் தென்கோடி. தென் அகலாங்கு 40 பாகைக்குத் தெற்கே, அந்தார்த்திக்காவைச் சூழ்ந்த நீர்ப்பரப்பில், காற்றைத் தடுக்கும் பெருநிலம் அரிது. மேல்காற்று ஆங்கே உலகைச் சுற்றி வலம் வருகின்றது. புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. அங்குப் பிறந்த திரைகளுள் 18 நொடிக்கு ஒன்றாக வருவதை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் முகடுகளுக்கு இடைத்தூரம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். அதன் ஆற்றல் பரவும் வேகம் மணிக்குச் சற்றேறக்குறைய 50 கிலோமீட்டர். எனவே 6,000 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஐந்து நாட்கள் வேண்டும். குறுந்திரையினும் நெடுந்திரை விரைந்து செல்லுமாதலின், முதலில் வந்து கரையைத் தட்டுவது நெடுந்திரையே.

இத்துணைத் தொலைவு ஓர் அலை அழியாமற் செல்லுமோ என்று ஐயுறுவார்க்கு 1963ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அமெரிக்கக் கடலறிஞர் வால்ட்டர் மங்க் என்பாரும் அவர்தம் துணைவரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் மாக்கடலில் அளவை நிலையங்களை வரிசையாக அமைத்து, தென்கடற் புயல்களின் திரைகளைத் தொடர்ந்து அளந்தனர். புயலின் அண்மையை விட்டு நீங்கியபின் நெடுந்திரை வழியில் மிகச் சிறிதே தேய்கின்றதென்பது அதனாற் புலனாயிற்று.

இனி, ஆழ்கடலில் வள்ளத்தில் இருப்பார்க்கு இத்திரை பெரும்பாலும் தோன்றாது. வயலில் நெற்கதிர்கள் காற்றுக்கு வளைந்து நிமிர, அலைமட்டும் வரப்புவரை ஓடுதல் போல, நீர் தன் இடத்திலேயே சுழன்று நிற்க, ஆற்றல் மட்டும் கடந்து செல்கின்றது. அரைக் கிலோமீட்டர் நீளத்தில் இரண்டொரு மீட்டர் உயர்ந்து தாழும் நீரைக் கண் எங்ஙனம் காணும்? கரையை அணுகி, ஆழம் அலைநீளத்திற் பாதியாகக் குறையுமிடத்தில், திரை கடலடித் தரையை உணரத் தொடங்குகின்றது. மேலும் ஆழம் குன்றக்குன்ற, முன்செல்வது தளர, பின்வருவது நெருங்குகின்றது. நீளம் சுருங்குகின்றது, உயரம் ஓங்குகின்றது, முடிவில் முகடு மடிந்து கரையில் வீழ்கின்றது. அவ்வேளை கடலேற்றமும் கூடுமாயின் நீர் ஊருக்குள்ளே புகும்.

கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் வாழும் மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். கள்ளன் என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. காற்றின் ஒலியாலும் கார்முகிலாலும் தன் வரவை உணர்த்தாது வருதலின் இப்பெயர் பொருத்தமுடைத்து. பருவக்காற்று எழுமுன் கச்சானும் கொண்டலும் அடங்கியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளக் கரையிலும், 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் மாலத்தீவுகளிலும் இவ்வாறே நீர் புகுந்தது. நிலநடுக்கத்தால் எழும் சுனாமி வேறு. காற்றின் மகவாகிய இது வேறு. அறிவியலாரும் மீனவர் சொல்லையே தமதாக்கிக்கொண்டனர். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை ஏற்றுக்கொண்டது. கல்லாதவர் என நாம் எண்ணும் மக்கள் கண்ணாற் கண்டு இட்ட பெயர் உலகவைக்கண் ஏறியது தமிழ் பயிலும் நமக்குச் சிந்திக்கத்தக்கது.

இதன் கொடுமையைப் பெருக்குவது மற்றொன்றுண்டு. சிறிதே வேறுபட்ட திரைத்தொடர்கள் தம்முட் கலத்தலால், பேரலைகள் கூட்டங்கூட்டமாக வரும். இடையே சில நிமிடம் கடல் அமைதியாகக் கிடக்கும். கரைக்கு வருவோர் அவ்வமைதியைக் கண்டு இறங்குவர். அடுத்த கூட்டம் வந்து வீழ்ந்து, திரும்பும் நீர் அவர்தம் காலடி மணலையும் வாரிச் செல்லும். 2024ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் குமரி மாவட்டத்துக் கணபதிபுரம் அருகேயுள்ள கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் மாண்டனர். அந்நாட்களிற் கள்ளக்கடல் குறித்த எச்சரிக்கை வெளியாகியிருந்தது. நம்மை ஒத்த வயதினராகிய அவரை நினைக்குந்தோறும், அறிவு பிறத்தல் வேறு, அது வேண்டுவார் செவியைச் சென்று சேர்தல் வேறு என்பது உள்ளத்தைச் சுடுகின்றது.

1999ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடலில் மிதவைகளாலும் வானிற் செயற்கைக்கோள்களாலும் திரைகளை அளந்து, கணிப்பொறியாற் கணித்து, முன்னறிவிப்பு வழங்குகின்றது. திரை புறப்பட்டு வந்துசேர நாட்கள் பல செல்கின்றமையே இம்முன்னறிவிப்புக்கு இடந்தருகின்றது. அறிவிப்பு வந்த நாளில் வள்ளங்களைக் கரையேற்றிக் கட்டுதலும், வலைகளை மேட்டில் வைத்தலும், கடலாடலை ஒழிதலும் வேண்டும். சுற்றுலா மேற்கொள்ளும் மாணவர் புறப்படுமுன் வானிலையை வினவுவர். கடல்நிலையையும் வினவுதல் அதனினும் இன்றியமையாதது. தலைக்குமேல் நிற்கும் வானம் அவ்விடத்துச் செய்தியை மட்டுமே சொல்லும். காலடியில் வரும் திரையோ ஐந்து நாளைக்கு முன், ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்ததைச் சொல்லும்.

கள்வன் வரும் யாமத்தைப் பற்றிய திருமறை உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். அவ்வீட்டுத் தலைவனுக்குக் கள்வன் வரும் வேளை தெரியாது. நமக்கோ இக்கள்வன் புறப்பட்ட இடமும் வந்துசேரும் நாளும் முன்னரே அறிவிக்கப்படுகின்றன. அறிந்தும் விழித்திராமை அவனினும் நமக்கே பெரும்பிழையாம்.