உயிரும் உறுப்பும்: இடைக்கால இங்கிலாந்தின் வனச்சட்டமும் மான்வேட்டையும்

இடைக்கால இங்கிலாந்தில் ‘ஃபாரஸ்ட்’ என்னும் சொல் மரமடர்ந்த நிலத்தை மட்டும் குறித்ததன்று. அரசனின் மான்களுக்கெனத் தனிச்சட்டம் செல்லுபடியான எல்லையையே குறித்தது. அவ்வெல்லைக்குள் ஊர்களும் உழுநிலங்களும் மேய்ச்சல் வெளிகளும் அடங்கின. எனவே அதனைக் ‘காடு’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. ‘அரச வேட்டைநிலம்’ என்பது ஓரளவு நெருங்கி வரும். தன் பயிரை மேய்ந்த மானைக் கொன்ற உழவனும் இச்சட்டத்தின்முன் குற்றவாளியானது இதனாலேயே.

1066-இல் இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம், கலைமானையோ பிணைமானையோ கொன்றவனின் கண்களைப் பறிக்க ஆணையிட்டதாக ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேட்டின் 1087-ஆம் ஆண்டுப் பதிவு கூறுகிறது. 1217-ஆம் ஆண்டின் வனச் சாசனம் இந்நிலையை மாற்றியது. மானிறைச்சியின் பொருட்டு இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழத்தல் கூடாது என்றது. இதனைப் போற்றுவோர் அப்பிரிவின் எஞ்சிய பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். பொருளுடையவன் பெருந்தண்டம் இறுத்து மீளலாம். இல்லாதவன் ஓராண்டும் ஒருநாளும் சிறையிருக்க வேண்டும். அதன்பின் பிணை நிற்போர் கிடைத்தால் விடுதலை. கிடைக்காவிடின் நாட்டைத் துறந்து வெளியேற வேண்டும். அடுத்த பிரிவோ, வேட்டைநிலத்தைக் கடந்து செல்லும் ஆயரும் பிரபுக்களும் வழியில் ஓரிரு மான்களை வேட்டையாட இசைகிறது. காவலர் அருகில் இல்லையெனில் கொம்பூதினால் போதும். அது திருட்டெனக் கருதப்படாது.

ஊரார்மீது விழுந்த சுமை தண்டனையினும் விசாரணையிலேயே மிகுதி என்பது என் கருத்து. வேட்டைநிலத்தில் மான் இறந்து கிடப்பின், அண்மையிலுள்ள நான்கு ஊரார் கூடிச் சான்று பகர வேண்டும். முழுமையாக வாராத ஊர் தண்டம் இறுத்தது. அண்டை வீட்டானைக் காட்டிக்கொடுப்பதா, யாரென அறியோம் என்று கூறி அதிகாரிகளின் ஐயத்திற்கு ஆளாவதா என்னும் இக்கட்டு அவர்களுடையது. அறியோம் என்னும் விடையே பதிவேடுகளில் பலகால் வருகிறது. (அவ்வேடுகள் காட்டும் வேட்டைக்காரருள் வறியோர் மட்டுமல்லர், வீரர்களும் குருமாரும் வனக்காவலருமே உளர்.) வன நீதிபதிகளின் சுற்றோ ஆண்டுகள் பல கழிந்தே வந்தது, பெயர் அழைக்கப்படும்போது குற்றஞ்சாட்டப்பட்டவர் சிலர் இறந்துவிட்டிருந்தனர்.

1381-இன் உழவர் கிளர்ச்சிக்குப் பின், 1390-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேட்டைநிலத்தின் எல்லையைக் கடந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலமில்லாத பொதுமகனும், 10 பவுண்டு வருவாயில்லாத குருவும் வேட்டைநாயோ வலையோ வைத்திருத்தல் கூடாது. மீறினால் ஓராண்டுச் சிறை.