சோறும் சுகமும் – 9: முழுசா, மாவா?

சென்ற வாரம் சர்க்கரையைப் பார்த்தோம். நாக்கில் பட்டதும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் அதனிடம் நாம் ஓரளவு உஷாராகத்தான் இருக்கிறோம். இந்த வாரம் நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போகும் குளுக்கோஸ். சோறு, சப்பாத்தி, கிழங்கு, பயறு என்று தட்டின் பெரும்பங்கை அடைத்துக்கொண்டிருக்கும் மாவுச்சத்துதான் அது.

குழம்பு எதுவும் சேர்க்காமல் ஒரு வாய் வெறுஞ்சோற்றை எடுத்து, விழுங்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருங்கள். லேசாகத் தித்திக்கத் தொடங்கும். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கில் கோத்த குளுக்கோஸ் சரம். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி அந்தச் சரத்தை அங்கங்கே நறுக்கி, மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. தித்திப்பு அதனுடையது. மீதி வேலையைச் சிறுகுடல் பார்த்துக்கொள்கிறது. சரம் நீளமாக இருப்பதால் இதை ‘காம்ப்ளெக்ஸ் கார்போஹைட்ரேட்’ என்கிறார்கள்.

நீளமான சரம் மெதுவாகத்தான் அறும், ரத்தத்தில் சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும் என்று மருத்துவர்கள் வெகுகாலம் நம்பினார்கள். 1981-இல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 62 உணவு வகைகளைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டால், வெள்ளைச் சோறு 72, வெள்ளை ரொட்டி 69, மசூர் பருப்பு 29. நாம் காபியில் போடும் சர்க்கரையோ 59 தான்! இன்று ‘கிளைசீமிக் இண்டெக்ஸ்’ என்று சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் கேள்விப்படும் கணக்கு பிறந்தது அந்த ஆய்வில்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரை டப்பாவைத் திறக்க வேண்டாம். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது நேரே கல்லீரலுக்குப் போய்விடுவதால் ரத்தக் குளுக்கோஸ் அளவில் தெரிவதில்லை, அவ்வளவுதான். இங்கே யோசிக்க வேண்டியது வேறு. சோற்றில் இருப்பதும் மாவுச்சத்து, பருப்பில் இருப்பதும் மாவுச்சத்து. ஒன்று 72, மற்றது 29 என்றால், சரத்தின் நீளத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றாகிறது.

முந்தைய வருடமே இதற்கு ஒரு விடை கிடைத்திருந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் கெரின் ஓ’டே குழுவினர் ஒரே அரிசியை முழுசாக வேகவைத்தும், மாவாக்கி வேகவைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மாவாக்கியதைச் சாப்பிட்டபோது ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் தெளிவாகவே கூடுதலாக ஏறின. வெள்ளை அரிசி, தவிட்டோடு கூடிய அரிசி இரண்டிலும் இதே கதைதான்.

காரணம் தானியத்தின் கட்டுமானம். மாவுச்சத்து செல்களுக்குள் பொதிந்து கிடக்கிறது. செல்லின் சுவர் நார்ச்சத்தால் ஆனது. நம் உடலில் அதை அறுக்கும் நொதி கிடையாது. சுண்டலுக்கு வேகவைத்த கொண்டைக்கடலையை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்குமே தவிர, பெரும்பாலானவற்றின் சுவர் உடைந்திருக்காது. உள்ளே மாவுச்சத்து பத்திரமாக இருக்கும். அமைலேஸ் மெல்லக் கசிந்துதான் உள்ளே போக வேண்டும். அதே கடலையை மில்லில் கொடுத்து நைசாகத் திரித்துவிட்டால் அந்தச் சுவரில் பெரும்பகுதி நொறுங்கிப்போகிறது.

சிறுதானிய மோகத்தையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் சாமையையும் வரகையும் வெள்ளைவெளேர் என்று தீட்டி விற்கிறார்கள். கேழ்வரகின் மேல்தோல் உள்பருப்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதைத் தோலோடுதான் அரைக்கிறோம். நாரும் கால்சியமும் தப்பிக்கின்றன, சரி. நைஸ் மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி இரண்டு மடக்கில் குடித்தால், மெல்லும் வேலைகூட மிச்சமில்லை. ‘மல்டிகிரெய்ன்’ பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள்களை அளவின் இறங்குவரிசையில் போட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மைதாவாக இருந்தால் மற்ற தானியங்கள் பேருக்குத்தான்.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பீர்கள். வெந்த மாவுச்சத்து ஆறும்போது ஒரு பகுதி மறுபடி இறுகி, அமைலேஸுக்கு மசியாத வடிவம் எடுக்கிறது. அது பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. 2015-இல் வெளிவந்த இந்தோனேசிய ஆய்வில், சுடச்சுட இருந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு இந்த வகை 0.64 கிராம் இருந்தது. ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராம் ஆனது. லாபம் உண்டு, ஆனால் தட்டு நிறையச் சாப்பிடச் சலுகை தரும் அளவுக்கு இல்லை.

அளவுதான் கடைசிக் கணக்கு. நம் நாட்டில் பலருக்கு மொத்தக் கலோரியில் 50 முதல் 70 சதவீதம் வரை தானியத்திலிருந்தே வருகிறது. அதை 45 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். சோற்றை விரட்ட வேண்டியதில்லை. இரண்டு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ கெட்டிக் கூட்டோ வையுங்கள். மாவுப் பலகாரத்தை ஒரு வேளையோடு நிறுத்துங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சோற்றைத் திடீரென்று குறைத்தால் மருந்தின் அளவையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம்: நம்மால் செரிக்கவே முடியாத அந்தச் சுவர், நார்ச்சத்து.