நெறி கட்டுமிடம் தெரிந்தால்: நாய்க்கு நிணநீர் நீவுதல்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். சென்னைக் காசிமேட்டில் எந்த வீட்டுப் பாட்டிக்கும் இது தெரியும். புண் இருப்பது பாதத்தில், கட்டுவது இடுக்கில். இரண்டுக்கும் நடுவே தோலுக்கடியில் ஒரு வழி ஓடுகிறது. அந்த வழியில் போவது நிணநீர். இடுக்கில் கையில் தட்டுப்படும் கட்டி, நிணநீர் முடிச்சு. நாய்க்கும் இதே ஏற்பாடுதான். நாயின் வீங்கிய காலை நீவக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இந்த நெறியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரத்தக் குழாய்களின் மெல்லிய கிளைகளிலிருந்து நீர் ஓயாமல் கசிகிறது. அப்படிக் கசிந்ததில் மிஞ்சிய நீரையும் புரதத்தையும் வாரிச் சேர்த்து மறுபடி இரத்தத்தில் விடுவது நிணநீர்க் குழாய்களின் வேலை. இதற்கென்று இதயம் போல ஒரு பம்பு கிடையாது. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்கித் தள்ளும்; உள்ளேயிருக்கும் வால்வுகள் திரும்பி வரவிடாது. நடக்கும்போது தசை அழுத்தும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு இழுக்கும். அதனால்தான் அடிபட்டுப் படுத்தபடியே கிடக்கும் நாயின் கால் வீங்குகிறது. வழி முழுக்கச் சிதைந்தால் என்ன ஆகும் என்பதைச் சாக்கடைக் கொசு நிறைந்த நம் பகுதிக்கு விளக்க வேண்டியதில்லை. யானைக்கால் என்பது புழு குடியேறிப் பாழாக்கிய நிணநீர்க் குழாய்களின் கதை. இங்கே மனிதருக்கு யானைக்கால் தரும் புழு நாயின் உடம்பில் வாழ்வதில்லை. ஆனால் நீர் தேங்கும் விதம் ஒன்றுதான்.

இந்தக் குழாய்களைப் பற்றி நமக்குத் தெரிய வந்ததே நாய்களால்தான். 1622இல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர், சற்றுமுன் சாப்பிட்டிருந்த ஒரு நாயை உயிரோடு அறுத்தபோது, குடலை ஒட்டி வெள்ளை இழைகள் ஓடுவதைக் கண்டார். முதலில் நரம்பு என்று நினைத்தார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற நீர் வந்தது. அந்த நீர் கடைசியில் கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் போய்ச் சேர்கிறது என்பதையும் பிரான்சில் ழான் பெக்கே நாய்களை அறுத்தே கண்டுபிடித்து 1651இல் வெளியிட்டார். அந்த நாய்களின் வலிக்கு நாம் கைம்மாறு செய்ய முடியாது. அவற்றிடமிருந்து வந்த அறிவை இன்னொரு நாயின் வலி குறைக்கப் பயன்படுத்தலாம் என்பது எனக்குப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடாத நேரம் குறைவு. அடிபட்டு, எலும்பு முறிந்து, அறுவை முடிந்து வீடு வந்த நாய்க்குத்தான் இந்த நீவுதல் அதிகம் உதவும். கட்டி எடுத்த பிறகு, காலை எடுத்த பிறகு, அல்லது பிறவியிலேயே நிணநீர்க் குழாய் சரியாக அமையாத குட்டிக்கும் உதவலாம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வாழும் நாய்க்கு இன்னொரு ஆபத்து உண்டு. அறுந்த நைலான் வலை நூல் காலில் சுற்றிக்கொள்ளும். ரோமம் மறைத்துவிடும். நாளாக ஆக நூல் தோலுக்குள் இறங்கும். அதற்குக் கீழே பாதம் பன் மாதிரி உப்பும். “காலு வீங்கிக்கினு கீதுண்ணா, கொஞ்சம் நீவி உடேன்” என்று யாராவது கூப்பிட்டால், நீவுவதற்கு முன் விரலால் ரோமத்தை விலக்கிச் சுற்றிலும் பாருங்கள். நூல் உள்ளே இறங்கியிருந்தால் அது மருத்துவரின் வேலை.

வீக்கத்தைப் படிக்கத் தெரியாதவர் வீக்கத்தை நீவக் கூடாது. கட்டைவிரலால் பத்து நொடி மெதுவாக அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுந்து நிற்கிறதா? நீர் தேங்கியிருக்கிறது. சூடாக, சிவந்து, தொட்டால் சீறுகிறதா? அது சீழ் அல்லது கடி, கையை எடுத்துவிடுங்கள். இரண்டு பின்னங்காலும் ஒன்றாக வீங்கி வயிறும் உப்பினால் இதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அப்போது நீரைத் தள்ளிவிடுவது பலவீனமான இதயத்தின் மேல் இன்னும் சுமை ஏற்றுவதாகும். தாடையடி, தோள், முழங்கால் என்று எல்லா இடத்திலும் வலியில்லாமல் நெறி கட்டியிருந்தால் அது நிணநீர்ப் புற்றாக இருக்கக்கூடும். காய்ச்சலோடு, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தமும் கசிந்தால் சென்னையில் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். இவை எதற்கும் நீவுதல் மருந்தல்ல. அறிமுகமில்லாத தெரு நாயை ஆசைக்காகக்கூடத் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வெறிநோய்த் தடுப்பூசி போட ஓட வேண்டும்.

நீவும் முறை மனித மருத்துவத்திலிருந்து வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் தெற்குப் பிரான்சில் வேலை பார்த்தார்கள். அவர்களிடம் வந்தவர்களில் பலருக்கு ஓயாத சளி. கழுத்தில் நெறி கட்டியிருக்கும். நெறியைத் தொடக் கூடாது என்று மருத்துவர்கள் ஒதுங்கிய காலத்தில் இவர்கள் மிக மெல்லத் தடவிப் பார்த்தார்கள். 1936இல் பாரிசில் தங்கள் முறையை அறிவித்தார்கள். காய்ச்சலோடு கட்டிய நெறியை இன்று யாரும் தொடச் சொல்வதில்லை. ஆனால் அந்த மென்மை நிலைத்துவிட்டது.

நம் ஊர்க் கைக்கு அந்த மென்மைதான் கடினம். சுளுக்கு எடுக்கிறவர் எண்ணெய் போட்டு, நரம்பு பிடித்து, பல்லைக் கடிக்க வைப்பார். இங்கே அது நேர்மாறு. நிணநீரை வாங்கும் முதல் குழாய்கள் தோலுக்குச் சற்றே கீழே இருக்கின்றன. அழுத்தினால் நசுங்கி மூடிக்கொள்ளும். தோலை மட்டும் மெல்ல இழுத்தால் சுற்றியுள்ள இழைகள் இழுபட்டு வாய் திறக்கும். அதனால் எண்ணெய் வேண்டாம். வழுக்கினால் தோல் நகராது. கண் இமையைத் தொடும் அளவு அழுத்தம் போதும்.

இன்னொன்று வரிசை. வீக்கம் பாதத்தில் இருந்தாலும் கை முதலில் போக வேண்டியது கழுத்தடிக்கு. தெருவில் தண்ணீர் நிற்கும்போது கடைசி மதகை முதலில் திறப்பதில்லையா, அதுபோல. நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தோளுக்கு முன்னால், கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில் தோலை மெல்ல இழுத்து விடுங்கள். ஐந்தாறு முறை, அவசரமில்லாமல். பின்னங்கால் வீக்கம் என்றால் அடுத்து தொடை இடுக்கு, பிறகு முழங்காலின் பின்புறம். அங்கே ஒரு முடிச்சு கொண்டைக்கடலை அளவில் உருளும். அதன் பிறகே பாதத்துக்கு இறங்கி, அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு கையைத் தளர்த்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் குழாய் நிரம்புகிறது. மொத்தம் 10, 15 நிமிடம். நாய் திரும்பத் திரும்ப உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் நடக்க முடிந்த நாயை மெல்ல நடத்துங்கள்.

உடம்பின் நஞ்சை இது வெளியேற்றும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். அது கல்லீரல், சிறுநீரகத்தின் வேலை. நாய்களில் இதைச் சோதித்த ஆய்வுகள் குறைவு. மனிதர்களிலும் அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே இது செய்யப்படுகிறது. நாயின் காலில் கட்டை நாமே இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று பாதமே போய்விடலாம். அதை மருத்துவர் கையில் விடுங்கள்.

பழகுவதற்கு நோயாளி தேவையில்லை. வீட்டில் வளரும் நல்ல நாயின் தாடையடி, தோள் முன்புறம், முழங்கால் பின்புறம் மூன்றையும் தினம் தொட்டுப் பழகுங்கள். இயல்பான அளவு விரலுக்குத் தெரிந்தால்தான் பெருத்தது தெரியும். உங்கள் விரல் உணர்வதை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில், நம் பகுதியிலிருந்து பக்கம்தான்.

நீவத் தொடங்கும் நாளில் ஒரு நூலை வீங்கிய காலின் மேல் சுற்றி அளந்து, சந்திக்கும் இடத்தில் மையால் குறித்துக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளந்து பாருங்கள். மூன்று நாளில் குறி உள்ளே வரவில்லை என்றால் அந்த நூலோடும் நாயோடும் மருத்துவரிடம் போங்கள்.